அத்தவால்ப்பாவின் கழுத்து

அம்மாசி அண்ணன் சிலையின் கழுத்தைச் சுற்றியிருந்த ஈரச் சாக்கைப் பிரித்துப் பார்த்தார். திரும்பச் சுற்றவில்லை. சாக்கைக் கையில் பிடித்தபடியே, "குணா, இது யோகன் மூஞ்சி லா," என்றார்.

குணசுந்தரி தகர டப்பாவில் தூரிகைகளை ஊறவைத்துக்கொண்டிருந்தாள். யோகேந்திரன் அவள் கணவன். கூலிம் பேக்டரியில் நைட் ஷிப்ட் போகிறவனுக்கு ராஜா மூஞ்சி எங்கிருந்து வந்தது என்று கேட்டுச் சிரித்தாள். அண்ணன் சிரிக்கவில்லை. சிலையின் இடது தாடைக்குக் கீழே விரலை வைத்தார்.

"இது என்னா?"

"கலவை சரிஞ்சிருக்கும்."

"சரிஞ்சா கீழ இழுத்துக்கிட்டுப் போவும். இது வச்ச மாதிரியில்ல இருக்கு."

அவள் எழுந்து வந்து பார்த்தாள். கோலிக்குண்டைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு மேடு. அதைத் தான் வைத்ததாக நினைவில்லை. ஆனால் அதன் ஓரங்கள் வழவழவென்று தேய்க்கப்பட்டிருந்தன. அப்படித் தேய்க்கிற விரல் அந்தக் கொட்டகையில் அவளுடையது மட்டும்தான்.

மெர்போக் சாலையோரத்துக் கொட்டகையில் அவர்கள் இருவரும் சிமெண்டுச் சிலைகள் செய்தார்கள். கம்பி கட்டி, வலை போர்த்தி, உடம்பை எழுப்புவது அண்ணன். முகமும் விரல்களும் வண்ணமும் அவள். கோயில் வேலைதான் அதிகம்: முனீஸ்வரன், மதுரை வீரன், வாசலில் நிற்கும் குதிரைகள். சாமி முகத்துக்கு அளவு இருக்கிறது. நெற்றி இவ்வளவு, மூக்கு இவ்வளவு என்று கை தானாகப் போகும். யோசிக்க வேண்டியதில்லை. இப்போது கொட்டகையின் நடுவில் நின்றவனுக்கு அளவு கிடையாது. அவன் பெரு நாட்டை ஆண்ட இன்கா அரசன். வந்திறங்கிய ஸ்பானியர்களிடம் சிக்கி, அவர்கள் கேட்ட பொன்னையெல்லாம் கொடுத்தும் அவர்கள் கையாலேயே கொல்லப்பட்டவன்.

அவன் சிலையைக் கேட்டது ஜெனவீவ் டீச்சர். ஓய்வு பெற்ற சரித்திர ஆசிரியை. கரங்கானுக்குப் பக்கத்தில் குடும்பத்துக்கு இருந்த பழைய ரப்பர் நிலத்தில், பள்ளிப் பிள்ளைகள் வந்து பார்க்க ஒரு பூங்கா போட்டுக்கொண்டிருந்தார். உலகத்து அரசர்கள் பாதையோரமாக வரிசையாக நிற்க வேண்டும். முதலில் இவன். ஏன் இவன் என்று குணசுந்தரி கேட்டதற்கு, வகுப்பில் முப்பது வருஷம் சொல்லிக்கொடுத்ததில் தன்னைத் தூங்கவிடாத ஆள் இவன் ஒருவன்தான் என்று பதில் வந்தது.

முதலில் அவள் போட்டுக்காட்டிய படத்தில் தலையைச் சுற்றிக் கழுகு இறகுகள் விரிந்திருந்தன. டீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"இது அமெரிக்காவுல குதிரையில போற ஆளு, குணா. நாளைக்கு ராஜேந்திர சோழன் செய்யச் சொன்னா ஜப்பான்காரன் கிமோனோ மாட்டுவியா?"

பிறகு உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொன்னார். தலையில் சுற்றிய பட்டை, அதிலிருந்து நெற்றியில் தொங்கும் சிவப்புக் குஞ்சம். அதுதான் அவன் கிரீடம். காதில் பெரிய வட்டத் தோடு. அவன் உயிரோடு இருந்தபோது பார்த்து வரைந்த படம் என்று நம்பக்கூடியது எதுவும் இல்லை. இருப்பவையெல்லாம் பிற்பாடு கற்பனையில் வரைந்தவை. ஆனால் நேரில் பார்த்த ஒரு ஸ்பானியன் எழுதி வைத்திருக்கிறான்: முப்பது வயதிருக்கும், திடமான உடம்பு, பெரிய முகம், அழகும் கடுமையும், கண்கள் மட்டும் ரத்தச் சிவப்பு. இன்னொருவன் எழுதியது, அவன் ஒரு காது கிழிந்திருந்தது. அதை மறைக்கத் தலையிலிருந்து ஒரு துணியை இறக்கிக் கட்டிக்கொள்வான்.

"அந்தத் துணி இருக்கணும்," என்றார் டீச்சர். "மறைக்கிறான்னு பாத்தவுடனே தெரியணும். எத மறைக்கிறான்னு தெரியக் கூடாது."

எப்படிக் கொன்றார்கள் என்று குணசுந்தரி கேட்டாள். கட்டையில் கட்டி, கழுத்தில் கயிறு போட்டு முறுக்கி. உயிரோடு எரிப்பதாகத்தான் இருந்தார்களாம். ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டதால் கயிறு. இதைச் சொல்லும்போது டீச்சர் தன் சங்கிலியில் தொங்கிய சிலுவையை உள்ளே தள்ளிவிட்டார். "நம்ம ஆளுங்கதான் பக்கத்துல நின்னு ஜெபம் சொன்னாங்க," என்றார்.

ஆக, அளவு இல்லாத ஒரு முகம். பெரிய முகம், சிவந்த கண், துணியால் எதையோ மறைக்கிற ஆண். கொட்டகையில் தனியாக உட்கார்ந்து கலவையை அப்பி அப்பி எடுத்த நாட்களில் தான் எதையும் யோசித்ததாக அவளுக்கு நினைவில்லை. நன்றாக வந்தது என்பது மட்டும் நினைவிருந்தது. இவ்வளவு சுலபமாக ஒரு முகம் அவளுக்கு வந்ததேயில்லை. அந்தச் சுலபத்தை அவள் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

"உயிரோட இருக்கறவங்க மூஞ்சிய வெக்கக் கூடாது," என்றார் அண்ணன். "ஒனக்குத் தெரியாததா?"

தெரியும். கண் திறக்கப்போகிற எந்த உருவத்துக்கும் உயிரோடு இருப்பவர் சாயல் வரக் கூடாது. கண்மணி இரண்டையும் கடைசியாகத்தான் தீட்டுவார்கள். அதற்கு முன் கண்ணாடி காட்டி, எலுமிச்சம்பழம் அறுத்து, தேங்காய் உடைப்பார் அண்ணன். கோயிலுக்கு என்றில்லை. ஒரு ரிசார்ட்டுக்கு மான் குட்டி செய்தபோதுகூடப் பழம் அறுத்தார். மேனேஜர் பார்த்துச் சிரித்தார். அண்ணன் அவருக்கும் திருநீறு பூசிவிட்டார். முன்பு வேலை செய்த இடத்தில், கோயிலுக்குப் பணம் கொடுத்த ஒருவர் ஆசைப்பட்டுக் கேட்டதற்காகக் காவல்காரன் சிலைக்கு அவர் முகத்தையே வைத்தார்களாம். அந்தக் கதையை அண்ணன் பலமுறை ஆரம்பித்திருக்கிறார். கண் திறந்த இடத்தோடு நிறுத்திவிடுவார்.

அவர் சாக்கை நனைத்து, சிலையின் கழுத்தில் சுற்றி, காதுவரை ஏற்றிக் கட்டினார். புதுக் கலவை வெடிக்காமல் இருக்க அப்படித்தான் கட்ட வேண்டும். எத்தனையோ சிலைகளுக்குக் கட்டியதுதான். குணசுந்தரி அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான், யோகன் சில வாரங்களாக வீட்டிலும் கழுத்தில் துண்டோடு இருக்கிறான் என்பது அவளுக்கு நினைவு வந்தது. குளித்துவிட்டு வரும்போது துண்டு. சாப்பிடும்போது துண்டு. ஏர்கான் குளிருகிறது என்று படுக்கையிலும்.

வீட்டுக்குப் போனபோது அவன் தூங்கிக்கொண்டிருந்தான். பகல் தூக்கம். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி போட்டிருந்தான். மகள் ஜொகூருக்குப் படிக்கப் போன பிறகு அந்த வீட்டில் இரண்டு பேர்தான். ஒருவர் விழித்திருக்கும்போது இன்னொருவர் தூங்குவார். அவன் முகத்தை அவள் அதிகம் பார்த்திருப்பது இப்படித்தான், அவன் பார்க்காதபோது. கட்டில் ஓரத்தில் நின்றாள். துண்டு தோள்பக்கம் நழுவியிருந்தது. இடது தாடைக்குக் கீழே, காதுக்கும் தொண்டைக்கும் நடுவில் நிழல் சரியாக விழவில்லை. தோல் அங்கே லேசாக உயர்ந்து, பிறகு இறங்கியது.

அவள் கையை நீட்டவில்லை. தொட்டால் அது இருக்கும் என்று தோன்றியது. தொடாதவரை அது கலவை சரிந்ததாக இருக்கலாம், தலையணை மடிப்பாக இருக்கலாம். ஆனால் அவள் விரல் ஏற்கெனவே தொட்டிருந்தது. எந்த நாளில் என்றுதான் தெரியவில்லை. தூக்கத்தில் அவன் பக்கம் திரும்பிப் படுத்தபோதா, துண்டை எடுத்துத் துவைக்கப் போட்டபோதா? அவள் அறிவதற்கு முன்பே கை அறிந்து, அவளிடம் சொல்லாமல், வேறொருவன் கழுத்தில் கொண்டுபோய் வைத்திருக்கிறது.

சாயங்காலம் கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பும்போது கேட்டாள். பல் வலி என்றான். எந்தப் பக்கம் என்று கேட்டதற்கு வலது பக்கத்தைக் காட்டினான். டாக்டரிடம் போகலாம் என்றாள். எம்.சி. லீவு எடுத்தால் சூபர்வைசர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான், ஓ.டி. இருக்கிறது, அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லிக்கொண்டே சட்டைக் காலரின் மேல் பொத்தானையும் போட்டான். இருபது வருஷத்தில் அவன் அந்தப் பொத்தானைப் போட்டு அவள் பார்த்ததில்லை. அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. தான் கேட்காமல் விட்டது அவனுக்காக அல்ல என்பது கதவைச் சாத்தும்போது அவளுக்குத் தெரிந்தது.

அதற்குப் பிறகு அவள் வேலையில் ஒரு வெறி வந்தது. முகத்தைத் தொட பயம். அதனால் மற்றதையெல்லாம் சரியாகச் செய்தாள். குஞ்சத்தின் சிவப்பை மூன்று முறை கலந்தாள். தோட்டின் வட்டத்தைக் கயிறு வைத்து அளந்தாள். டீச்சருக்கு அடிக்கடி போன் செய்து, சட்டையின் கட்டங்களைப் பற்றிக் கேட்டாள், செருப்பைப் பற்றிக் கேட்டாள். அவன் எந்த அளவுக்கு அவனாக ஆகிறானோ அந்த அளவுக்கு யோகன் அதிலிருந்து வெளியே வந்துவிடுவான் என்று ஒரு கணக்கு அவளுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. சொன்னால் யாரும் சிரிப்பார்கள். அவள் யாரிடமும் சொல்லவில்லை.

பெயரில்தான் மிகவும் நம்பிக்கை வைத்திருந்தாள். பீடத்தில் பெயர் எழுத வேண்டும். அவள் பார்த்த இடங்களில் எல்லாம் ஒவ்வொரு மாதிரி இருந்தது. ஓரிடத்தில் நடுவில் 'ஹு' வந்தது, ஓரிடத்தில் வரவில்லை. டீச்சரிடம் கேட்டாள். அவன் மொழிக்கு அப்போது எழுத்தே கிடையாது என்றார் டீச்சர். கேட்டவன் தன் காதுக்கு எட்டியபடி எழுதினான். ஸ்பானியர்கள் 'ஹ' என்று எழுதினாலும் சொல்ல மாட்டார்கள். அதைப் பார்த்து நாம் சத்தம் போட்டு 'ஹ' சொல்லக் கூடாது.

"அத்தவால்ப்பா. அவங்க அம்மா கூப்பிட்டதுக்கு அதுதான் பக்கத்துல வரும். அப்படியே எழுது. ஒரு மனுஷன் பேர நாம சரியாச் சொல்லலன்னா அங்க வேற எவனோதான் நிக்கிறான்."

அந்தக் கடைசி வாக்கியம் போன் வைத்த பிறகும் போகவில்லை. அவள் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டு, ஒவ்வொரு எழுத்தாக, மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுதினாள். எழுதி முடித்து வாய்விட்டுச் சொன்னாள். இன்னொரு முறை சொன்னாள். இவன்தான் நீ. இங்கே நில். பிறகு நிமிர்ந்து முகத்தைப் பார்த்தாள். கண்மணி இல்லாத வெள்ளை விழிகளோடு, துணியை இறக்கிக் கட்டிக்கொண்டு, எதையோ அவளிடமிருந்து மறைத்தபடி யோகன் நின்றான்.

வியாழக்கிழமை காலை டீச்சர் பார்க்க வந்தார். மறுநாள் லோரி வரும், சனிக்கிழமை பூங்கா திறப்பு. டீச்சர் சிலையைச் சுற்றி மெதுவாக நடந்தார். குஞ்சத்தைப் பார்த்தார், தோட்டைப் பார்த்தார், பெயரை எழுத்துக்கூட்டிப் படித்துத் தலையசைத்தார். முகத்துக்கு நேரே வந்தபோது அவர் குரல் இறங்கியது. நன்றாக இருக்கிறது என்றார். இவ்வளவு எதிர்பார்க்கவில்லை என்றார். உயிருக்குப் பேரம் பேசி முடித்து, அது பலிக்காது என்று தெரிந்துகொண்ட ஆள் மாதிரி இருக்கிறான் என்றார். பிறகு குனிந்தார்.

"கழுத்துல இது என்னா குணா?"

அவள் கீழே கிடந்த ஈரச் சாக்கை எடுத்து மடித்தாள்.

"இத யாரும் எழுதல. காது மட்டும்தான். பிள்ளைங்க நோயாளின்னு நெனைக்கும். எடுத்துடு."

டீச்சரின் கார் போன பிறகு அவள் அம்மாசி அண்ணனிடம் உளியைக் கேட்டாள். அவர் கொடுக்கவில்லை. முகம் வந்துவிட்ட பிறகு அதில் இரும்பு படக் கூடாது. சாமிக்கே கூடாது, இது உயிரோடு இருக்கிறவன் முகம்.

"அப்படியே விட்டா?"

"விட்டா கண்ணத் தெறக்கணும். அதோட தெறக்கணும்." அவர் சட்டைப் பையில் பீடியைத் தேடினார். "நான் ரெண்டும் செய்ய மாட்டேன், தங்கச்சி. நீ யோகன்கிட்ட கேளு."

"என்னான்னு கேக்கறது?"

"என்னான்னு ஒனக்கே தெரியும்."

அவள் கொட்டகைக்கு வெளியே வந்து நின்றாள். எதிர்ப்பக்கம் செம்பனைக் குலைகளை ஏற்றிய லோரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. அறுத்தால் அவன் கழுத்தில் தானே இரும்பு வைத்தவளாவாள். விட்டால் அந்தக் கட்டியோடு அவனைக் கண் திறந்து வைத்தவளாவாள். இதெல்லாம் சிமெண்டு, வெறும் சிமெண்டு என்று சொல்கிற ஒருத்தி அவளுக்குள் இருந்தாள். அவளும் பயந்துபோய்த்தான் இருந்தாள். ஏனென்றால் சிமெண்டு என்று சொல்லிவிட்டாலும் வீட்டில் கட்டிலில் படுத்திருப்பது சிமெண்டு இல்லை.

போனை எடுத்தாள். தூக்கத்திலிருந்து எடுத்தான். கொட்டகைக்கு வரச் சொன்னாள். என்ன விஷயம் என்று கேட்டான். வந்து பாருங்க என்று மட்டும் சொன்னாள். பிறகு, "சரி," என்றான். ஏன் என்று இரண்டாவது முறை கேட்காதது அவளைக் கலக்கியது.

காரை நிழலில் நிறுத்திவிட்டு வந்தான். கழுத்தில் துண்டு. ஷிப்ட் கண்கள் சிவந்திருந்தன. அம்மாசி அண்ணன் பார்த்ததும், கடையில் தேத்தண்ணி பங்குஸ் கட்டி வாங்கிக்கொண்டு வருகிறேன் என்று மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

யோகன் முதலில் பீடத்தைத்தான் பார்த்தான். "அத்… தவால்… ப்பா," என்று படித்தான். "என்னா பேரு லா இது," என்று சிரித்தான். பிறகு தலையைத் தூக்கினான்.

அவள் அவனைப் பார்க்கவில்லை. அவன் நிழலைத் தரையில் பார்த்துக்கொண்டிருந்தாள். நிழல் அசையவில்லை. தகரக் கூரை வெயிலில் டக், டக்கென்று நெளிந்தது. வெகு நேரம் கழித்து நிழலின் ஒரு கை மேலே போனது. அவள் நிமிர்ந்தாள். அவன் சிலையின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தான். மேட்டின் மேல் விரல் வந்து நின்றது. கொஞ்சம் அழுத்திப் பார்த்தான், வலிக்குமா என்று பார்ப்பதுபோல.

"இங்க இல்ல," என்றான். "இன்னும் கீழ."

துண்டை எடுத்தான். அவள் கையைப் பிடித்து விரலைத் தன் கழுத்தில் கொண்டுபோய் வைத்தான். அவள் செய்து வைத்ததைவிடப் பெரிதாக இருந்தது. கல்லைப்போல அசையாமல் இருந்தது. அவன் எச்சில் விழுங்கியபோதும் அது நகரவில்லை.

"தெரிஞ்சா செஞ்ச?"

"இல்ல."

அவன் நம்பினான் என்றுதான் தோன்றியது. பிறகு தரையில், மணல் மூட்டையின் மேல் உட்கார்ந்து சொன்னான். கம்பெனி கிளினிக்கில் டாக்டர் போன மாதமே பார்த்துவிட்டார். உடனே சுங்கைப்பட்டாணி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ என்றார். அவன் போகவில்லை. ஒவ்வொரு ஓ.டி.யும் கேட்டு வாங்கிச் செய்தான். ஒழுங்காக வேலைக்குப் போய்க்கொண்டிருந்தால் ஒன்றும் ஆகாது என்று நினைத்தானாம். நினைத்தான் என்றுகூட இல்லை, அப்படி ஒரு பேச்சு தனக்குள் நடந்துகொண்டிருந்தது என்றான். எல்லாவற்றையும் கொடுத்துக்கொண்டே இருந்தால் விட்டுவிடுவார்கள் என்று.

"யாரு விட்டுடுவாங்க?"

"தெரியல, குணா."

அவள் அவன் முன்னால் குந்தி உட்கார்ந்தாள். இப்போதே போகலாம் என்றாள். இன்றைக்கே. அவன் தலையைத் திருப்பிச் சிலையைப் பார்த்தான்.

"அத எடு. எடுத்துட்டா வரேன்."

"அண்ணன் இரும்பு வெக்கக் கூடாதுன்னாரு."

"அது மூஞ்சிக்குத்தானே சொன்னாரு. இது மூஞ்சியா?" கழுத்தைக் காட்டிச் சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை. "என்னயும் அங்க அதத்தான் செய்வாங்க. நீ மொதல்ல செய். நான் பாக்கறேன்."

அவன் கேட்பது என்ன என்று அவளுக்குப் புரிந்தது. வலிக்காத ஒருவனை முதலில் அறுத்துக் காட்டச் சொல்கிறான். அவன் அதைத் தாங்கினால் இவனும் தாங்குவான். அவள் மறுத்தால் இவன் எழுந்து, துண்டைப் போட்டுக்கொண்டு, சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் ஏறிவிடுவான். அவளிடம் இருந்ததும் ஒரு பேரம்தான்.

பெட்டியைத் திறந்து அண்ணனுடைய சின்ன உளியை எடுத்தாள். ஸ்டூலைப் போட்டு ஏறினாள். உளி நுனியை மேட்டின் கீழ்விளிம்பில் வைத்தபோது கை நடுங்கவில்லை. அது அவளுக்கே பிடிக்கவில்லை. முதல் அடியில் தூள் மட்டும் விழுந்தது. கலவை நன்றாக இறுகியிருந்தது. அவன் எழுந்து பக்கத்தில் வந்து நின்றான். கை அவன் கழுத்தில் இருந்தது.

இரண்டாவது அடியில் மேடு முழுசாகப் பெயர்ந்து விழுந்தது. கூடவே, ஒரு நூல் அறுந்ததுபோல மெல்லிய சத்தம். அது பெயர்ந்த இடத்திலிருந்து ஒரு விரிசல் கோடு கிளம்பித் தாடையின் மேல் ஏறியது. துணி மடிப்புக்குள் புகுந்தது.

"சரியா வந்துச்சா?" என்றான் யோகன். அவன் கண்ணை மூடியிருந்தான்.

"வந்துச்சு," என்றாள்.

உளியைக் கீழே போட்டுவிட்டு ஸ்டூலிலிருந்து இறங்கினாள். கண்ணைத் திறப்பதற்குள் அவன் தோளைப் பிடித்து வாசல் பக்கம் திருப்பினாள். சாவியை வாங்கிக்கொண்டாள். கை முழுக்கச் சாம்பல் நிறத் தூள், கழுவ நிற்கவில்லை. காரின் கதவைத் திறந்து அவனை உட்காரவைத்தாள். பெல்ட்டை இழுத்தபோது அது கழுத்தில் படாமல் பார்த்து மாட்டினாள்.

சாலையில் ஏறும்போது பக்கக் கண்ணாடியில் கொட்டகையின் வாசல் தெரிந்தது. கோடு எதுவரை போய் நின்றது என்று அவள் பார்க்கவில்லை.